நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

காலை 6.20. செம்பாக்கம் கேசவன் வீட்டு ஷெட்டில் நான்கு எலுமிச்சம்பழங்கள் மட்டும் இருந்தன. முந்தின நாள் ஆயுத பூஜையில் டயருக்கு ஒன்றாக முன்னால் வைத்தவை. டயரும் இல்லை, சிவப்புக் காரும் இல்லை!

சப்-இன்ஸ்பெக்டர் ஜான்சி குனிந்து பார்த்தாள். நாலும் முழுசு. பத்து வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. முன்னே உருட்டினாலும் பின்னே உருட்டினாலும் ஒரு பழமாவது கூழாகியிருக்க வேண்டாமா?

ஷெட்டுக்குப் பின்னால் சுவர். வாசலை அடைத்துக்கொண்டு மகன் முகிலனின் புது ஸ்போர்ட்ஸ் கார். அதன் நாலு பழங்களும் அப்படியே இருந்தன. ஒரு பக்கம் மட்டும் சுவர் கிடையாது. முழங்காலளவு திட்டு, அதைத் தாண்டிப் பூப்பாத்தி. பாத்தியில் டயர் தடம் இல்லை, வெறுங்கால் தடங்கள்தான். பூஜைக்கு வந்த கூட்டம் என்று நினைத்தாள். கேட் பூட்டும் உடையவில்லை.

"பறந்தா மேடம் போச்சு?" என்றான் முகிலன். அவன்தான் ஸ்டேஷனுக்கு போன் செய்தவன்.

6.45. விசாரணை.

"வண்டி யாருது?"

"அப்பாவுது. அறுபத்தஞ்சு மாடல், ரெண்டே சீட்டு. படப்பை காயலான் கடையில துருவா வாங்கி, பதினோரு வருஷம் அவரே ரெடி பண்ணாரு."

"கேமரா?"

முகிலன் அசடு வழிந்தான். "ஆயுத பூஜைல்ல மேடம், அப்பா எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சாரு. கேமரா கண்ணுலயும்."

பழைய கார் சேகரிக்கும் ஹரிபிரசாத் தலையில் கை வைத்து நின்றிருந்தார். ஏழரை மணி நல்ல நேரத்தில் காரை வாங்கிப் போக வந்தவர். ஷெட் ஒன்று, வண்டி இரண்டு. அப்பனுக்கும் மகனுக்கும் ஓயாத வாய்ச்சண்டை. 'ஹரிபிரசாத் சார் ரெண்டையும் ஓட்டிப் பார்த்து எது சுகம்னு சொல்லட்டும், தோத்தது வெளியே' என்று தெருவே கேட்கக் கேசவன் வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நேத்து பூஜைக்கு முன்னாடி வண்டலூர் வரைக்கும் ஓட்டினேன் மேடம். புதுசு சோபா மாதிரி, குழியே தெரியல. பழசு என் முதுகெலும்பை எண்ணிடுச்சு! பழசுதான் தோத்துச்சு, பொய் சொல்ல முடியுமா? ஆனா விலைன்னு வந்தா, புதுசு ஷோரூமைத் தாண்டினதுமே இறங்கும், பழசு வருஷா வருஷம் ஏறும். அறுநூத்தம்பது கிலோதான் வண்டி, வளைவுல காத்தா போச்சு. அதான் பழசை நானே விலைக்குக் கேட்டேன்."

7.10. ஹாலில் கேசவன் காபி டம்ளரை வலது கையால் எடுக்கப் போய், முகம் சுளித்து இடது கைக்கு மாற்றினார். சுவரில் ஆடித் திருவிழாப் படம்: மூங்கில் தண்டில் அம்மனைச் சுமக்கும் பதினாறு பேர், முன்னால் கேசவன். ஆறுதல் சொல்ல வந்த இரண்டு பெரியவர்களும் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜான்சி பாத்திக்கு ஓடினாள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கேசவன் சார், வண்டி அம்மன் கோயில் வாகனக் கொட்டகையிலதானே இருக்கு?"

கேசவன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உருட்டினா பழம் நசுங்கும், மூங்கில் தண்டு குடுத்துத் தூக்கினா நசுங்காது. பதினாறு பேர், ஆளுக்கு நாப்பது கிலோ. கூட்டத்துக் கால் தடம்னா கன்னாபின்னான்னு கிடக்கும். இது ரெண்டே வரிசை, சாமி தூக்குற நடை. கேட் சாவி உங்க கிட்ட. கேமராவுக்குச் சந்தனம் வெச்சதும் நீங்க. ஆடியில முடிஞ்ச திருவிழாவுக்குப் புரட்டாசியில ஏன் தோள் வலிக்குது? அந்தப் பழத்தை எடுத்துப் போட்டிருந்தா நான் முழிச்சிக்கினு நின்னிருப்பேன்."

"பூஜையில வெச்சத எப்டிம்மா எடுக்கறது?" என்றார் கேசவன். "வாக்கையும் மீற முடியல, வண்டியையும் வுட முடியல. இன்னா பண்ணுவேன்?"

முகிலன் அப்பாவின் சட்டைக் காலரை விலக்கினான். தோள் தோலுரிந்து சிவந்திருந்தது.

"பதினாறு பேராப்பா?" அவன் வாய் மூடவில்லை. "என் வண்டிக்குத் தோள் குடுக்க ஒருத்தர் வருவாங்களா?"

அவனே விடுவிடுவென்று வெளியே போனான். மணி ஏழரை. புது கார் உறுமியது. நாலு பழங்களும் ஒரேயடியாக நசுங்கின. வண்டி கேட்டைத் தாண்டித் தெரு வெயிலில் போய் நின்றது.

"தோத்தது வெளியே, ஹரிபிரசாத் சார்," என்று இறங்கி வந்து சாவியை நீட்டினான் முகிலன். "நல்ல நேரத்தை விடாதீங்க. சோபா மாதிரி இருக்கும், ஓட்டிக்கிட்டுப் போங்க."