சாவி லைன்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எனக்கு முதல் வேலை துணைப்பெட்டிதான். பீளமேட்டில் என் கடைக்கு வருகிற கார்களில் பாதி அதற்காகவே வருகின்றன. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டி, கரண்டு கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கரண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

சாவி லைனில்தான் எடுக்க வேண்டும், அது சட்டம். இப்போது எந்த வண்டியிலும் சாவி இல்லை, பொத்தான்தான். எங்கள் வாயில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியை அணைத்தால் அந்த லைன் அணைந்துவிடும், பெட்டியும் உறங்கும். பக்கத்திலேயே ஓடுகிற பேட்டரி லைன் அப்படியல்ல, அதில் எப்போதும் கரண்டு இருக்கும்.

அன்று சம்யுக்தா தன் காரைக் கொண்டுவந்தாள். நாற்பது நாளைக்கு முன் அவளுக்குப் பெட்டி மாட்டியது நான்தான்.

"ரெண்டு நாளைக்கொருக்கா பேட்டரி எறங்கிப் போகுதுங்ணா. இவரும் முன்ன மாதிரி பேசறதில்லீங்க" என்றாள்.

இவர் என்றால் மகிழன், அவள் புருஷன். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய குரலும் நினைவும்தான் பெட்டிக்குள் இருந்தன. தான் இறந்தது பெட்டிக்குத் தெரியாது. பெண்டாட்டி பக்கத்தில் வண்டி ஓட்ட, ஒரே பயணம் போய்க்கொண்டிருப்பதாகத்தான் அது நினைக்கும். அணைத்ததற்கும் மறுபடி போட்டதற்கும் நடுவில் ஒரு வாரம் போனாலும் அதற்குக் கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. வீட்டாரும் "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லித்தான் அணைப்பார்கள். உண்மை தெரிந்துவிட்ட பெட்டியை அழித்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

அவளைக் கடைக்குள் உட்காரச் சொல்லிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். வண்டி அணைந்திருந்தும் கரண்டு போய்க்கொண்டிருந்தது. டாஷ்போர்டுப் பலகையைக் கழற்றினேன். பெட்டியின் ஒயர் பேட்டரி லைனில் இருந்தது. சுற்றியிருந்த டேப் நான் சுற்றியது.

பெட்டி மாட்ட அவள் வந்தது ஆயுதபூஜை நாளில். கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்திருந்தேன். மறுநாள் வரை தொடக்கூடாது. "நாளைக்கு வா அம்மணி" என்றேன், அவள் அழுதாள். மனசு கேட்கவில்லை. ஒயரில் கரண்டு இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்பைப் பூஜையிலிருந்து எடுக்கவும் கை வரவில்லை. ஒயரின் நிறத்தைப் பார்த்து, இதுதான் சாவி லைன் என்று முறுக்கிவிட்டேன். சாமியும் குறை சொல்லாது, அவளும் அழமாட்டாள் என்று நினைத்தேன். என் மடத்தனத்துக்கு வேறு பெயர் இல்லை.

"நீங்கதான் மாட்டுனீங்களா?" என்றது பெட்டி.

அணைந்த வண்டி. திரும்பிக் கடைக்குள் பார்த்தேன், அவள் காதில் விழவில்லை.

"அவ எறங்கிப் போன பெறகும் நான் இருந்தனுங்க. கீழ பார்க்கிங்ல ஒரே இருட்டு. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் வண்டிய அணைச்சுட்டு, உள்ள உக்காந்து ஐயர்கிட்ட போன்ல பேசுனா. வருஷத் திதிக்கு நாள் குறிச்சா. யாருக்குத் திதின்னு ரெண்டு நாள் யோசிச்சனுங்க."

தப்பு என்னுது என்று மட்டும் சொன்னேன். அழித்துவிடட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

அதை மகிழனே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அழித்தால் அவள் இரண்டாம் முறை தாலியறுப்பாள் என்றார். லைனை மாற்றிவிடுங்கள், நான் இறந்தது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம், நான் பழையபடி பேசிக்கொள்கிறேன் என்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். இனி அவ அணைச்சா, நான் எங்க போவேன்?"

முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. தெரியலீங்க என்றேன். பயமாக இருக்கிறது என்றார். எனக்கும்தான் இருந்தது. ஒயரை வெட்டினேன். பெட்டியிலிருந்து வந்த மூச்சுச் சத்தம் பாதியில் நின்றது. இந்த முறை டெஸ்ட் லாம்பை வைத்து, வண்டியைப் போட்டும் அணைத்தும் மூன்று தடவை பார்த்த பிறகே சாவி லைனில் சேர்த்தேன்.

ஒயர் மாறியிருந்தது, வேறொன்றுமில்லை என்று அவளிடம் சொன்னேன். உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள்.

"எங்க போலாம் சம்யு?" என்றார் மகிழன், சிரித்த குரலில்.

அவள் ஸ்டியரிங்கில் முகத்தைச் சாய்த்துச் சிரித்தாள், அழுதாள். பெட்டிக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று சட்டப்படி நான் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் வெறுமையாக மேஜையிலேயே கிடந்தது. வண்டி தெருவுக்கு இறங்கி, பத்தடி போய் நின்றது. அவள் கைப்பை என் நாற்காலியில் இருந்தது. அதற்காகத்தான் நிறுத்துகிறாள் என்று புரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அணைக்காதே அம்மணி என்று கத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

"ரெண்டே நிமிஷம், வந்துடறேன்" என்று அவள் உள்ளே சொல்வது கேட்டது.

"மெதுவா வா" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டாள்.