கட்டிலில் உட்கார்ந்திருப்பவள்

"அம்மா, வந்திருக்கிறது யாரும்மா?" என்று பிரேமினி கொழும்பிலிருந்து கேட்டபோது, பூரணி போனைக் காதில் வைத்தபடியே அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரும் வரலையே."

"கட்டில்ல உக்காந்திருக்காங்களே. திங்கக்கெழமையிலருந்து பாக்கிறேன். நீங்க அவங்களோட நல்லா சிரிச்சிப் பேசுறீங்க. தனியா கெடக்குறீங்களேன்னு இருந்துச்சு. இப்பதாம்மா நிம்மதி."

அதற்குமேல் மகளின் குரல் கேட்கவில்லை. மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும்.

கணவர் இறந்த பிறகு இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆசிரியர் குவார்ட்டர்ஸில் பூரணி மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாற்றலாகி மஸ்கெலியாவுக்குப் போய்விட்டார். போன மாதம் யாரோ குசினிக் கதவை உடைத்தார்கள். அதைக் கேட்டுப் பதறி வந்த மகள், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பாதுகாப்பு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனாள். அறையில் எது அசைந்தாலும் திரைமேல் இருக்கும் கேமரா படம் பிடித்துச் சேமிக்கும், அவளுக்கும் அனுப்பும். "காசில்லாத காவக்காரன்ம்மா," என்று சிரித்திருந்தாள்.

மாலை நாலரை மணி. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை வெள்ளையாக மறைந்துகொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், கீழே பெக்டரியின் மின்விசிறி இரைச்சலும், வாடும் கொழுந்தின் பச்சை வாசனையும், அதற்கடியில் நனைந்த கம்பளியைப்போல இன்னொரு வாசனையும் அறைக்குள் மெல்லப் பரவின. பூரணி கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். செருப்புகள் மட்டும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மகள் காட்டித் தந்தபடி படங்களைத் திறந்தாள்.

திங்கள். நாற்காலியில் அவள் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறாள். பின்னால், கட்டிலின் ஓரத்தில் ஒரு பெண். தலையில் முந்தானை. தோட்டத்து டிஸ்பென்சரியில் முறைக்குக் காத்திருப்பவளைப்போல முழங்கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு பார்த்தும் அந்த முகம் மனதில் நிற்கவில்லை.

செவ்வாய். பூரணி அவள் பக்கம் திரும்பியிருந்தாள்.

புதன். இரண்டு கிளாஸ் தேத்தண்ணி. பூரணி வாய்விட்டுச் சிரிக்கிறாள். கணவர் போனதிலிருந்து அப்படிச் சிரித்த ஞாபகம் அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாற்காலியிலேயே கண்ணயர்ந்து, ஆறு மணிக்கு விழித்ததுதான் ஞாபகம். தினமும் அப்படித்தான்.

வியாழன். அந்தப் பெண்ணின் மடியில் பூரணியின் தலை. முடிக்குள் அவளுடைய விரல்கள்.

பூரணி உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

சில்லென்றிருந்தது.

"யாரு?" என்றாள். திரும்பிப் பார்க்க வேண்டும். முடியவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் போதும். அதுவும் முடியவில்லை.

புதிய படமொன்று வந்து விழுந்தது.

வெள்ளி. இப்போது.

நாற்காலியில் அந்தப் பெண். பூரணியின் நீல ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். எதையோ வாசிப்பவள்போல் திரையை நோக்கிக் குனிந்திருந்தாள். பின்னால், கட்டிலின் ஓரத்தில், முழங்கால்களைச் சேர்த்துவைத்தபடி பூரணி.

பூரணி எழும்பப் பார்த்தாள். கால் அசையவில்லை. உள்ளங்கைக்குக் கீழே நாற்காலியின் கைப்பிடி இல்லை. படுக்கை விரிப்பு. ஈரமாக.

எதிரே நான்கடி தூரத்தில் நீல ஸ்வெட்டர் போட்ட முதுகு. அது திரும்பவில்லை. அதன் கை மவுசை நகர்த்தி, திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு படமாக, அவசரமில்லாமல், அழித்துக்கொண்டிருந்தது.