எட்டாவது டாங்கி

அவள் ஏழு டாங்கிகள்தான் சேர்த்திருந்தாள். திரையில் எட்டு நின்றன.

மறுபடி எண்ணினாள். மணல்மேட்டுக்குப் பின்னால் நான்கு, கிணற்றுப் பக்கம் மூன்று. எட்டாவது தனியாக, பள்ளத்தாக்கின் வாயில், மற்றவற்றைப் போலவே நீலக் கொடியோடு நின்றது. சுட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். மற்ற டாங்கிகள் என்றால் "உத்தரவு?" என்று கேட்கும். இது கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற இந்த ஒன்றரை வருடத்தில், அந்தப் பாலைவனப் போர் விளையாட்டில் இருந்த வரைபடங்களையெல்லாம் வென்று முடித்துவிட்டாள். இனி சொந்தமாக ஒன்று வரைய வேண்டியதுதான். பாலைவனத்தை அவள் பார்த்ததில்லை. அடி அடியாக அளவு தெரிந்த இடம் வீடு ஒன்றுதான். அதனால் வீட்டையே வரைந்தாள். நடை பள்ளத்தாக்கு ஆயிற்று, சமையலறை எண்ணெய்க் கிடங்கு, குளியலறை கிணறு. நடையின் கோடியில் இருந்த அக்காவின் அறையை எதிரியின் தலைமையகமாக்கி, அதன்மேல் சிவப்பு இலக்குக் கொடியை நட்டாள்.

மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து அன்று காலை வந்த அக்கா, பையைக்கூடக் கீழே வைக்காமல் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது என் ரூம்தானே?"

"எதிரி முகாம்."

"பாத்திரம் கழுவச் சொன்னதுக்கா இத்தனை பீரங்கி?"

"வேற இடம் கிடைக்கலக்கா."

"சரி தளபதி. சாயங்காலம் வரைக்கும் போர்நிறுத்தம். நடுவுல எழுப்பினே, உன் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியில வெச்சிடுவேன்."

அக்கா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் பிற்பகல் வெயில் மஞ்சளாகத் தேங்கி நின்றது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் கணினிப்பெட்டியின் விசிறி தூசியை இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

எட்டாவதை ஏதோ கோளாறு என்று ஒதுக்கினாள். நான்கு நாள் யோசித்த திட்டம். கிணற்றுப் பக்கத்து மூன்றும் புழுதி கிளப்பி எதிரியின் கண்ணை இழுக்கும். அந்த நேரத்தில் மற்ற நான்கும் எண்ணெய்க் கிடங்கைச் சுற்றி வந்து தலைமையகத்தின் பின்சுவரை உடைக்கும். பள்ளத்தாக்கு வழியாக எதுவும் போகக் கூடாது. "தாக்கு" என்பதை அழுத்தினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அறுபது விநாடி. அதற்குள் உத்தரவு கொடுக்காவிட்டாலும் சுற்று தானாக முடிந்துவிடும்.

முதல் சுற்று முடிந்ததும் முதலில் நகர்ந்தது எட்டாவதுதான். பள்ளத்தாக்குக்குள் ஒரு கட்டம்.

வெளியே நடையில், கனமான சங்கிலி ஒன்றைத் தரையில் மெதுவாக விரித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது.

அவள் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினாள். இரண்டாம் சுற்று. எட்டாவது இன்னொரு கட்டம். சங்கிலிச் சத்தம் இப்போது அவள் அறை வாசலை உரசிக்கொண்டு போனது. கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுத்து, மறுபடி வெளுத்தது. காய்ந்த டீசல் நாற்றம் அடித்தது.

மின்கம்பியை இழுத்தாள். மின்தடைக்காக வைத்திருந்த பேட்டரி கீச்கீச்சென்று கத்தியது. அதையும் அணைத்தாள். விசிறி நின்றது. திரை மட்டும் நிற்கவில்லை. முப்பத்தெட்டு விநாடி. முப்பத்தேழு.

கதவைத் திறந்தாள்.

நடை காலியாக இருந்தது. தரையெங்கும் மணல், அதில் இரண்டு அகலத் தடங்கள். அவள் அறையைத் தாண்டிப் போய், அக்காவின் கதவுக்கு முன்னால் அவை நின்றுவிட்டிருந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை. ஓடினாள். மூன்றாவது அடியில் நெஞ்சு எதன்மேலோ மோதியது. கண்ணுக்குத் தெரியாத இரும்பு. வெயிலில் நாள் முழுக்க நின்ற இரும்பு. உள்ளங்கை பொசுங்கியது.

"யாருடி நடையில டிரம் உருட்டுறது?" உள்ளிருந்து அக்காவின் தூக்கக் குரல்.

"கதவைத் திறக்காதேக்கா."

"ஏன், என்ன ஆச்சு?"

"சொன்னா கேளு. கட்டில்லயே இரு."

"உன்னோட ரோதனை தாங்கல." கட்டில் கிரீச்சிட்டது. செருப்பைத் தேடும் சத்தம்.

அவள் திரைக்கு ஓடி வந்தாள். பதினான்கு விநாடி.

எட்டாவதுக்கு உத்தரவு தேவையில்லை. கொடி போதும். கொடியை நட்டது அவள்தான். தாக்குதல் தொடங்கியபின் கொடியைப் பிடுங்க முடியாது. பக்கத்தில் உள்ள அறைக்கு மட்டும் மாற்றலாம். தலைமையகத்துக்கு முன்னால் நடை. வலமும் பின்னும் வெளிச்சுவர். இடப்பக்கம் ஒரே ஒரு அறை.

அவளுடைய அறை.

வாயில் மணல் கரகரத்தது. அதைத் தரையில் துப்பினாள்.

"வரைஞ்சது நான்," என்றாள் கதவைப் பார்த்து. "என்கிட்ட வா."

கொடியை இழுத்துத் தன் அறைமேல் வைத்தாள். பிறகு, இதுவரை எந்த ஆட்டத்திலும் செய்யாததைச் செய்தாள். ஏழு டாங்கிகளையும் ஒன்றாகத் தேர்ந்து, குறியை அதே கட்டத்தில் வைத்தாள். *உங்கள் படையே அங்கு உள்ளது. உறுதியா?* என்று திரை கேட்டது.

உறுதி.

மூன்று. இரண்டு.

நடையில் சங்கிலி தயங்கியது. திரும்பியது. அக்காவின் தாழ்ப்பாளை விட்டு விலகியது.

அவள் அறையின் வாசற்படி நொறுங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து அதற்கு மரியாதை கொடுக்கப் போவதில்லை. பிடரியில் அனல். தோளில் மணல் கொட்டியது. நாற்காலியின் முதுகு முன்னால் வளைந்து அவளை மேசையோடு நெருக்கியது. விலா இறுகியது. மூச்சு இல்லை.

கட்டைவிரல் மட்டும் பீரங்கிகளை வெடிக்கவைக்கும் விசையின்மேல்.

"அக்கா, காதைப் பொத்திக்கோ."

அழுத்தினாள்.

திரையில் மணல்மேட்டு நான்கும் கிணற்றுப் பக்கத்து மூன்றும் மெல்லத் திரும்பின. இடப்பக்கம் அல்ல. வலப்பக்கம் அல்ல. கண்ணாடியை விட்டு வெளியே, அவள் முகத்துக்கு நேராக. ஏழு குழாய்களும் ஏழு கறுப்பு வட்டங்களாயின.

முதல் வட்டத்துக்குள் வெளிச்சம் வந்தது.