கடித்த பற்களுக்கு நடுவே ஒரு குரல்

ஹாமிஷ் வாசற்படியிலேயே நின்று வீட்டுச் சாவியை என் கையில் போட்டான். உள்ளே வரவில்லை. செத்தவர்களின் வீட்டை ஒழித்துக் கொடுப்பது என் தொழில். சொந்தக்காரன் உள்ளே வரத் தயங்கினால் சாமான் மலிவாகக் கிடைக்கும் என்பது, துணிமூட்டை சுமந்து லெபனானிலிருந்து நியூசிலாந்தின் டனீடனுக்கு வந்த எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பேசப்படும் சங்கதி.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ நாஸ். பேரமே வேணாம்."

"பேரமா? இந்த வாயை வச்சுக்கிட்டா?" என்றேன், பல்லைக் கடித்தபடியே.

வேறு மாதிரி பேச எனக்கு வழியில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது. எடை குறையாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று அறுவை மருத்துவர் கையை விரித்துவிட்டார். பல் டாக்டர் இஷ்பெல்தான் என் மேல் கடைவாய்ப் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் காந்தம் பொருத்தினார். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். உறிஞ்சுகுழல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். பூசணி சூப், பால், மறுபடி பூசணி சூப்.

"வாந்தி வந்தா, மூச்சுத் திணறினா, இந்தச் சாவியால உடனே கழட்டிடணும்," என்று ஒரு சின்னச் சாவியைக் கழுத்தில் மாட்டிவிட்டார். "குளிக்கும்போதும் கழட்டாதீங்க. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. ஆனால் சாவி என்னிடம் இருந்தால் நான் என்னோடு பேரம் பேசுவேன், நானே ஜெயிப்பேன். என் பழைய சாமான் கடைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும், கடையின் சொந்தக்காரி மொய்ராவிடம் கொடுத்துவைத்தேன். அவள் அதை நாய்ச் சங்கிலியோடு ஆணியில் மாட்டினாள்.

ஹாமிஷ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க இருந்த மினா பெரியம்மாவும் உன்னை மாதிரிதான். அந்தக் காலத்துல பல்லோட பல்லைக் கம்பி போட்டுக் கட்டிடுவாங்க. அவசரத்துக்கு வெட்டுறதுக்கு ஒரு குறடு கொடுப்பாங்க. பெரியம்மாவுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்ல. அதை எங்கம்மாகிட்ட கொடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"ஒருநாள் வாந்தி வந்திருக்கு. அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்காங்க. வெறும் முனகல்தான் கேட்டுச்சாம். எவனோ கலாட்டா பண்றான்னு அம்மா வச்சுட்டாங்க. திரும்பத் திரும்ப அடிச்சிருக்கு. அம்மா எங்க வீட்டுப் போன் கம்பியையே பிடுங்கிப் போட்டுட்டாங்க. மறுநாள்தான் பெரியம்மா பிணத்தைக் கண்டுபிடிச்சாங்க."

அவன் காரில் ஏறிப் போய்விட்டான்.

மத்தியானம்தான். ஆனால் துறைமுகத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி ஜன்னல்களில் ஈரச் சாம்பலாய் ஒட்டியிருந்தது. வீடு முழுக்க நனைந்த கம்பளி வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, புளித்த பாலைப் போல. தகரக் கூரை எங்கோ சொட்டியது. சமையலறை மேசையில் ஒரே ஒரு நாற்காலி. அலமாரியில் ஒரே ஒரு தட்டு. என் வீட்டிலும் அப்படித்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது, பிடிக்கவில்லை.

நடையில், சுவர்மேடையில், கறுப்பு வட்டச் சுழல் தொலைபேசி. பழைய பொருள் பைத்தியங்கள் கொத்திக்கொண்டு போவார்கள். எடுத்துப் பார்த்தேன். ஒயர் முழநீளத்தில் அறுந்து தொங்கியது. செத்த போன். திரும்ப வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

இப்போது என் வெட்கங்கெட்ட வேலையைச் சொல்ல வேண்டும். பையில் ஒரு ஆட்டிறைச்சி அப்பம் இருந்தது. மொறுமொறு மாவுக்குள் கறி வைத்தது. கூடவே ஒரு சின்ன மிக்ஸி. அப்பத்தைப் பாலோடு சேர்த்து அரைத்து உறிஞ்சினால் யாருக்குத் தெரியப் போகிறது? வாயைப் பூட்டிக்கொண்ட எங்கள் கூட்டம் மொத்தமும் கண்டுபிடிக்கும் திருட்டுத்தனம்தான் இது.

பாலைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

கிர்ர்ர்ர்.

நடையிலிருந்து. மெதுவாக, யாரோ எண்ணைச் சுழற்றுவது போல.

கிர்ர்ர்ர். டிங்.

எலி என்று சொல்லிக்கொண்டேன். எலி எண் சுழற்றாது என்றும் தெரியும்.

போய்ப் பார்த்தேன். யாருமில்லை. சுழல்வட்டத்தின் துளைகளில் தூசி அடைந்திருந்தது.

சில துளைகளில் மட்டும் இல்லை.

அவை விரல் பட்டுப் பளபளத்தன. ரிசீவரைத் தொட்டேன். பேசி முடித்தவர் காதுச்சூடு இன்னும் அதில் இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். முழங்கால் ஓடவிடாது, பசி நகரவிடாது. சமையலறைக்கு வந்து, பயத்தை விழுங்குவதற்காகவே அந்தக் கூழை உறிஞ்சினேன். பாதி போனதும் ஒரு கொழுப்புக்கட்டி தொண்டையில் அடைத்தது.

குடித்ததெல்லாம் மேலே ஏறியது.

வாய் திறக்கவில்லை.

கை கழுத்துக்குப் போனது. அங்கே சாவி இல்லை. என் செல்போன் வெளியே வேனில். மேசையைப் பிடித்தபடி சரிந்தேன். மூக்கில் புளித்த பால். என் முனகலோடு சேர்ந்து, காதோரத்தில், இன்னொரு முனகல்.

என்னைப் போலவே. பல்லைக் கடித்தபடி.

கதவு படாரென்று திறந்தது. மொய்ரா. பின்னால் அவள் நாய். என் தலையை இடுக்கிப் பிடித்து, சாவியை உள்ளே விட்டுத் திருகினாள். வாய் பிளந்தது. எல்லாம் தரையில் கொட்டியது.

"முட்டாப் பயலே," என்றாள், அழுதுகொண்டே. "செத்துத் தொலைஞ்சா கடை வாடகையை யாரு கொடுக்கிறது?"

மூச்சு வந்ததும் கேட்டேன். "எப்படி வந்தே?"

"நீதானே போன் பண்ணே. அரை மணி ஆச்சு. 'சாவி... சாவி...'ன்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுறவன் இந்த ஊர்ல உன்னை விட்டா யாரு? இந்த வீட்டுக்குத்தான் வர்றேன்னு காலைல சொல்லிட்டு வந்தியே."

அரை மணிக்கு முன்னால் நான் பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பண்ணல மொய்ரா."

அவள் என்னைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "எனக்கும் உறுத்துச்சு. பொம்பளைக் குரல் மாதிரி இருந்துச்சு. உடம்பு இளைச்சதுல குரலும் இளைச்சிருச்சோன்னு நினைச்சேன். வச்சுடலாம்னுதான் போனேன்..."

"ஏன் வைக்கல?"

"வச்சுடாதேன்னு அழுதுச்சு நாஸ்."

கிளம்பும்போது நாய் நடையைத் தாண்ட மறுத்தது. தூக்கிக்கொண்டுதான் போனாள்.

மறுநாளே இஷ்பெல் திட்டித் தீர்த்துவிட்டுக் காந்தங்களைக் கழற்றினார். தாடை நன்றாக இருக்கிறது என்றார். அந்த வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றுவிட்டேன், அந்தத் தொலைபேசியைத் தவிர. நல்ல விலைக்கே கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை. என் சமையலறை மேசையில், ஒற்றைத் தட்டுக்கு எதிரே வைத்திருக்கிறேன். அறுந்த ஒயர் மேசை விளிம்பில் தொங்குகிறது.

சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது அடிக்கும்.

முதல் தடவை வாயைத் திறந்து "ஹலோ" என்றேன். மறுபக்கம் மூச்சு நின்றுபோனது, இதோ வைத்துவிடப் போகிறார்கள் என்று பயந்தவரின் மௌனம். பாவமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "இருக்கேன். வைக்க மாட்டேன்."

கடித்த பற்களுக்கு நடுவே ஒரு பெருமூச்சு வந்தது.

அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். எதிரே சாப்பாடு ஆறிப்போகும். நான் நன்றாக இளைத்துவிட்டதாக மொய்ரா சொல்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

என் பல்லில் இப்போது காந்தம் ஏதுமில்லை. ஆனால் மறுமுனையில் மினா ரிசீவரை வைக்கும்வரை என் வாய் திறப்பதில்லை.

நாளுக்கு நாள் அவள் பேச்சு நீண்டுகொண்டே போகிறது.