பகல் காட்சியில் கோரல் பென்ஹாலிகன்

"அஞ்சு நிமிஷம், கோரல்!" கதவுக்கு வெளியே மேடை மேலாளர் டெஸ் குரல் கொடுத்தார். கோரல் பென்ஹாலிகன் வாயைத் திறப்பதற்குள் யாரோ பதில் சொன்னார்கள். "நன்றி, டெஸ்."

ஒப்பனை அறையில் அவளைத் தவிர யாருமில்லை. குரல் அவளுடையதுதான். இருபத்தாறு வயதுக் குரல்.

ஆஸ்திரேலிய நகரமான அடிலெய்டின் ஜனவரிக் கோடை வெயிலில் தகரக் கூரை முறுகிக்கொண்டிருந்தது. பவுடரும் பழைய கம்பளியும் சூடான தூசியும் கலந்த வாடைக்குள், இருபத்தாறு வயதில் ஒரு படத்தில் நடித்தபோது பூசிக்கொண்ட லாவண்டர் மணம் மெல்ல ஊறி வந்தது. நாடே கொண்டாடிய படம். அதற்குப் பிறகு நடித்த முப்பது நாடகங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எழுபத்திரண்டு வயதில் கிடைத்த இந்தக் கிழட்டு ராணி வேடம்தான் முழுக்க அவளுடையது.

காலையில்கூட டெஸ் சொன்னார்: "வசனம் மறந்துச்சுன்னா பழைய படத்தைத் திரையில ஓட்டிச் சமாளிச்சிடலாம்மா."

"நான் செத்த பிறகு ஓட்டு. இன்னிக்கு உயிரோடதான் இருக்கேன்."

சுவர் ஒலிபெருக்கி கரகரத்தது. மேடையில் திரை உயரும் சத்தம். பதில் வந்துவிட்டால் ஆள் தயார் என்பது நாடகக்காரர்களின் கணக்கு. டெஸ் கதவைத் திறந்தே பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் ராணியின் முதல் வசனம் கேட்டது. அரங்கம் சிரித்தது. கோரலுக்கு ஒருநாளும் கிடைத்திராத நீளச் சிரிப்பு.

இருட்டு நடைவழியில் சுவரைத் தடவிக்கொண்டே ஓடினாள். மேடையோரம் டெஸ் கண்கலங்கி நின்றார்.

"டெஸ்! அங்க யாரு?"

"இப்படி அவ நடிச்சுப் பார்த்ததே இல்லப்பா," என்றார் அவர், காதொலிக் கருவியில் வேறு யாரிடமோ. கோரல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். பூச்சியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டார்.

வீட்டுக்குப் போய்விடலாம். போகவில்லை.

வெளிச்சத்துக்குள் நுழைந்தாள்.

சிம்மாசனத்தில் ஒரு பெண். ராணியின் அங்கி. சுருக்கமே இல்லாத முகம், அந்தப் படத்தில் இருந்த கோரலின் முகம்.

கோரல் வசனத்தைச் சொன்னாள். சத்தம் அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. கைதட்டல்.

புரிந்தது: மேடையில் இனி தன் வாய் அசைந்தால்தான் அவளால் பேச முடியும்.

உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் ஊமையானாள். அரங்கம் மூச்சடக்கிக் காத்திருந்தது.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். சிரித்தபடியே இரண்டு விரல்களைக் கோரலின் உதடுகளுக்கிடையே நுழைத்து நெம்பினாள்.

கோரல் கடித்தாள்.

வாய் முழுக்கப் படச்சுருளின் கசப்பு. எதிரே மாறாத சிரிப்பு. கீழே எல்லோரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள்.

கோரல் கடித்த பிடியை விடவில்லை.