முன்னால் வந்தவள்

ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலகை ஜெசிந்தாவின் கண்ணில் பட்டது. புது வண்ணம் மினுங்க, இருபத்து நான்கு மணி நேரச் சேவை என்று அது அறிவித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் வருவதென்னவோ செவ்வாய்க்கிழமை மட்டும். அதுவும் உச்சிப்பொழுது வரைதான். பலகைக்கு ஏது கூச்சம்?

தோளில் துவண்டு கிடந்த அறிவுச்செல்வனின் உடம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியாய்க் கொதித்தது. ஒரு வயதுகூட நிறையாத பிள்ளை. விடியலில் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்துவிட்டது. அதன் பிறகு அவன் கண் திறக்கவில்லை. கணவன் சவுரிராயன் கரும்பு வெட்டத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போயிருந்தான். தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் ஓடியதால், திண்டிவனம் போகும் பேருந்தும் வரவில்லை. விழுப்புரத்திலிருந்து மறுபக்கச் சாலையில் காரில் வரும் இந்த மருத்துவரை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

மழைமேகம் பகலை அந்தியாக்கியிருந்தது. மின்சாரமும் இல்லை. குறுகலான நடையில் ஈரச் சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாடை. நிற்கமாட்டாத நோயாளிகள் சுவரோரம் குந்தியிருக்க, அவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய செருப்புகள் வரிசையில் நின்றன. அங்கே அதுதான் வழக்கம். ஒருவர் உள்ளே போனதும், பின்னாலிருப்பவர் தம் செருப்போடு முன்னிருக்கும் செருப்பையும் காலால் தள்ளிவிடுவார்.

கடைசியில் ஒரு பெண்ணின் செருப்பு கிடந்தது. அறுந்த வாரை ஊக்கு பிடித்திருந்தது. அடியிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது. ஜெசிந்தா தன் செருப்பை அதன் பின்னால் விட்டாள்.

வரிசை நகர்ந்தது. அவளும் வழக்கப்படி அந்த ஈரச் செருப்பைப் பெருவிரலால் தள்ளினாள்.

அது நகரவில்லை.

யாரோ அதன்மேல் நின்றுகொண்டிருப்பதைப் போலிருந்தது.

"ஏய், இன்னாடி பண்றே?" காலில் கட்டோடு குந்தியிருந்த அம்மணி, குரலை அடக்கிக்கொண்டு அதட்டினாள். "அதத் தொடாதே!"

"யாருதுக்கா இது? வந்து நகத்தச் சொல்லேன். டாக்டரு கெளம்பிடப் போறாரு."

"அவரு கடியாரத்தப் பாக்கற அளவுக்கு நம்ம நாக்கப் பாத்தா, நோவெல்லாம் எப்பவோ ஓடியிருக்கும்." சிரித்த வாயை அம்மணி சட்டென்று மூடிக்கொண்டாள். "அது அருணாவோடது. போன மழையில வந்தா. வாயும் வயிறுமா இருந்தவ, காலெல்லாம் வீங்கிக்கினு வந்தா. இதே மாதிரி பாலத்துல தண்ணி. செருப்பக் கடைசியில வுட்டுட்டு, அந்தச் சுவத்துல சாஞ்சிக்கினு இருந்தா. அப்ப இருந்த டாக்டரு, நேரமாச்சின்னு போயிட்டாரு. நாங்க போயி எழுப்புனா..."

அம்மணி தலையை மட்டும் அசைத்தாள்.

"செருப்ப ஏரியில வீசுனோம். செவ்வாக்கெழம ஆனா நனைஞ்சிக்கினே வந்து கடைசியில நிக்குது. நாங்க யாரும் தள்றதில்ல. தாண்டிக்கினு போயிடுவோம். நீயும் தாண்டிடு."

உயிரோடிருந்தபோது அவளை ஒருவர் கைவிட்டார். செத்தபின் ஊரே தாண்டிப்போகிறது.

வரிசை கரைந்தது. அம்மணியும் உள்ளே போய்த் திரும்பி, ஜெசிந்தாவின் முகத்தைப் பாராமல் நொண்டிக்கொண்டே வெளியேறினாள். வாசலில் மருத்துவரின் கார் உறுமியது. நடையில் எஞ்சியிருந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான்.

அவள் செருப்பைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

முந்தானை பின்னுக்கு இழுபட்டது.

திரும்பினாள். எவருமில்லை. முந்தானையின் நுனியிலிருந்து நீர் சொட்டியது.

தோளில் அறிவுச்செல்வன் கண் திறந்தான். அம்மாவைப் பார்க்கவில்லை. செருப்புக்கு மேலே, ஓர் ஆளின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில், வெறும் காற்றையே அவன் இமைக்காமல் பார்த்தான்.

உதறிவிட்டு ஓடலாம். ஆனால் முந்தானையைப் பிடித்தது உள்ளேயும் கூடவே வருமே! வழிவிட்டால்? அதற்குள் மருத்துவர் எழுந்துவிட்டால், பிள்ளை?

"யம்மா அருணா..." அவள் நாக்கு குழறியது. "நீதான் முன்னாடி வந்தவ. நீயே போ. போயிட்டு ஜல்தி வந்துடு தாயே. எம்புள்ளையும் பொழைக்கணும்."

பெருவிரலால் தள்ளினாள்.

இம்முறை செருப்பு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, கனத்தோடு நகர்ந்தது. அந்தக் கனத்தினுள்ளே ஏதோ ஒன்று, மிகச் சிறியது, ஒருமுறை உதைத்தது.

கதவு திறந்தது. மூடிக்கொண்டது.

"வாங்க, உக்காருங்க," என்றது மருத்துவரின் குரல். "கால் எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு?"

பதில் கேட்கவில்லை.

"சரி, கையக் குடுங்க."

மருந்துச் சன்னலிலிருந்து செவிலியர் சித்ரா எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரும்மா போனது?"

ஜெசிந்தா மூடிய கதவையே பார்த்தாள்.

"அடுத்து!" உள்ளேயிருந்து மருத்துவர் கூப்பிட்டார்.

அவள் உள்ளே போனபோது, நோயாளிகளுக்கான நாற்காலி நனைந்திருந்தது. மருத்துவர் இளைஞர், இந்த ஊருக்குப் புதியவர். பிள்ளையைத் தொட்டதும் பரபரவென்று வேலை செய்தார். ஊசி போட்டார், ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார், மருந்து கொடுத்தார். "காய்ச்சல்ல வந்த வலிப்பும்மா. சூடு எறங்குற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்," என்றார். காரை அணைக்கச் சொல்லி ஓட்டுநருக்கு ஆளனுப்பினார். பிள்ளை வீறிட்டு அழுதபோதுதான் ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

"முன்னாடி வந்தாங்களே, உங்க சொந்தமா?" என்று மருத்துவர் மெல்லக் கேட்டார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"கை ஐஸா இருந்துச்சு. நாடியே கெடைக்கல. நெஞ்சுலயும் சத்தமில்ல." அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வயித்துல மட்டும் கொழந்தையோட துடிப்பு நல்லாக் கேட்டுது. நிமிர்ந்து பாத்தா ஆளக் காணோம். எந்தப் பக்கம் போனாங்க?"

அந்த அறைக்கு ஒரே கதவுதான்.

"அவங்ககிட்ட இன்னா சொன்னீங்க சார்?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான். பிரசவத்துக்கு நாளிருக்கு, அடுத்த செவ்வாய்க்கெழம வாங்கன்னேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. இடுப்பில் கைகொட்டிச் சிரிக்கும் பிள்ளையோடு, அவனைக் காட்டிப்போக ஜெசிந்தா வந்தாள். நடை காய்ந்து கிடந்தது. ஆனால் எல்லாருடைய கண்களும் வரிசையின் கடைசியில் இருந்தன.

நீர் சொட்டச் சொட்ட, ஊக்கு மாட்டிய அந்தச் செருப்பு நின்றது.

போன வாரம் நடந்தது ஊருக்கே தெரிந்திருந்தது; இனி அதைத் தாண்டிப்போக ஒருவருக்கும் துணிவில்லை. அம்மணி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, காலை நீட்டித் தள்ளினாள்.

சென்ற வாரத்தைவிடக் கனமாக இருந்தது.