கோப்பையைத் தட்டியவர் யார்?

"நான் நஞ்சு போடல்ல டொக்டர். சீனிதான் போட்டேன்," என்றபடி கண்டியிலிருந்த கிளினிக்குக்குள் நுழைந்தார் மடவளை ஊர் ஜெஸீமா. சில வாரங்களாகக் கணவர் ஹபீலுக்கு அவர்மேல் சந்தேகம். ஹபீலுக்கு உறக்கமும் இல்லை, நேற்றுப் பேசியது இன்று நினைவில்லை. மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தலாக் சொல்ல ஏற்பாடாகியிருந்தது.

ஏற்பாட்டாளர் பின்னாலேயே வந்தார்: ஹபீலின் மூத்தவர் ஸமீம் ஹாஜியார், அகில இலங்கை சமாதான நீதவான். அந்தப் பட்டம் வாங்கியதிலிருந்து அவர் காலடி பட்ட வீட்டில் சண்டை ஓய்ந்ததில்லை. தமக்கு ஒரு கதிரை, தம் தோல்பைக்கு ஒரு கதிரை என்று அமர்ந்தார். கூட வந்த தம்பி ஹபீல் நின்றார்.

"விசாரணை முடிஞ்சிட்டு டொக்டர். நஞ்சுதான். தம்பி இப்ப எடக்கையால சோறு தின்றான். நம்மட குடும்பத்துல! புத்தி கலங்காம யாரு அப்படிச் செய்வா? நீங்க நஞ்சுண்டு எழுதிக் கையெழுத்து மட்டும் போடுங்க."

உதவி மருத்துவன் பாயிஸின் மனம் அதற்குள் ஆர்செனிக் வரை போய்விட்டது. நரம்பியல் நிபுணர் தர்ஷிகா முத்துலிங்கம் அவசரப்படவில்லை.

"ஐயா, நீங்க சொல்லுங்க."

"என்னமோ கலந்து தாரா. குடிக்கப் போனா என்ட வலக்கையைத் தட்டிவிடுறா," என்றார் ஹபீல்.

"கேட்டீங்களா பாயிஸ்? நஞ்சு வச்சவங்க, குடிக்க விடாம ஏன் தட்டணும்?"

பாயிஸின் ஆர்செனிக் கரைந்தது.

தர்ஷிகா ஜெஸீமாவை வெளியே இருத்திவிட்டு ப்ளேன்டீ வரவழைத்தார். ஹபீல் வலக்கையால் ஏந்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஹாஜியார் கொட்டாவி விட்டார். திடீரென்று ஹபீலின் வலக்கன்னம் இழுத்தது. கூடவே வலக்கை வெட்டி உதறியது. தேநீர் முழுவதும் ஹாஜியாரின் வெள்ளை ஜுப்பாவில்.

"பாத்தீங்களா, தட்டிட்டா!" என்று கத்தினார் ஹபீல்.

"அவ வெளியிலதானேடா ஈக்கிறா!" என்று சீறினார் ஹாஜியார், ஜுப்பாவை உதறியபடி.

"நன்றி ஐயா. நீதவான் வாயாலயே சாட்சி கெடச்சிருச்சு," என்றார் தர்ஷிகா. "ஒடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாம மூளையைத் தாக்குது. மறதி, சந்தேகம், இந்த வெட்டு, எல்லாம் அந்த அழற்சியால வர்றதுதான். வலக்கை கைவிட்டதால எடக்கைக்கு மாறியிருக்காரு. ரத்தத்துல தெரிஞ்சிரும். மருந்து இருக்கு."

"அப்ப தலாக்?" என்றார் ஹாஜியார், கைக்கு வந்த வழக்கு நழுவிப் போகிற கவலையில்.

"சுயபுத்தி இல்லாதவர் சொல்ற தலாக் எப்படிச் செல்லும், ஹாஜியார்?" என்றான் பாயிஸ். அன்று அவனுக்கும் ஒரு வெற்றி.

இரத்தம் தர்ஷிகாவின் பக்கமே பேசியது. மருந்து வேலை செய்தது. சில மாதங்கள் கழித்து மடவளையில் ஹபீல் வீட்டு விருந்தில், "நஞ்சில்லண்டு நான் அப்பவே சொன்னேன்," என்று ஹாஜியார் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். ஹபீல் வலக்கையால் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தார்.

"ஜெஸீமா, இதுல என்னத்தக் கலந்த?"

விருந்துக்கு வந்திருந்த பாயிஸ் தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சீனி," என்றார் ஜெஸீமா மெல்ல.

"பொய். சீனியே இல்ல!"

ஹபீல் நீட்டிய வலக்கையில் கோப்பை அசையாமல் நின்றது. ஜெஸீமா சிரித்துக்கொண்டே சீனிப் போத்தலை எடுத்து வந்தார்.